பாட்டு வாத்தியார் காட்டிக்கொடுத்த குரல்

சென்ற மாதம், பக்கத்துப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இசை ஆசிரியை போன் செய்தார். இளம்பெண், மரியாதை தெரிந்த பிள்ளை. பயிற்சிக் கூட்டம் ஒன்று நடக்கிறதாம். அதில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பேச வேண்டுமாம். தலைப்பையும் அவரே வைத்துவிட்டார்: கொரோனா காலத்தில் பள்ளியில் பாட்டு வகுப்பு.

"நீங்க சமாளிச்ச மாதிரி யாருமே சமாளிக்கலைன்னு எல்லாரும் சொல்றாங்க சார். ஒரு அரைமணி நேரம் பேசுனீங்கன்னா எங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார்.

தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். என் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. 'சமாளிச்ச' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது மடல்வரை சூடேறிவிட்டது. நான் சமாளித்த லட்சணம் எனக்கல்லவா தெரியும். கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லும் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன். எழுதும்போது எதிரே முகங்கள் இருக்காது.

நான் மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரன். இசைக் கல்லூரியில் படித்துவிட்டு, கொஞ்ச காலம் கல்யாணக் கச்சேரிகளில் பின்பாட்டுப் பாடிவிட்டு, அரசு உதவி பெறும் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் வேலை கிடைத்து மலையேறினேன். கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சரிவில் இருக்கும் பள்ளி. சுற்றிலும் தேயிலை, அதற்குக் கீழே கேரட் தோட்டங்கள். எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்தும், மலைக்கிராமங்களான ஹட்டிகளிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். எங்கள் பள்ளிக்கு நான் வித்வான்.

என் குரல் சுமார்தான். கல்லூரியிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் காது நன்றாக அமைந்துவிட்டது. ஒரு வகுப்பே சேர்ந்து பாடினாலும் யார் சுருதி இறங்குகிறான், யார் வாயை மட்டும் அசைக்கிறான் என்று சொல்லிவிடுவேன். வருடத்தில் முதல் வகுப்பில் ஒரு விளையாட்டு வைப்பேன். நான் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன். பின்னாலிருந்து யாராவது ஒரு வரி பாட வேண்டும். பாடியவன் பெயரை நான் சொல்ல வேண்டும். தவறிப்போனதே இல்லை. பிள்ளைகள் எனக்குப் 'பாம்புச் செவி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது என் முதுகுக்குப் பின்னால் சொல்லப்படுவதைக் கேட்டு நான் உள்ளுக்குள் பூரித்துப்போவேன். என் குரலுக்கு ஒரு பட்டமும் தராத கல்லூரியைவிட, பட்டப்பெயர் வைத்த பிள்ளைகள் எனக்கு உசத்தியாகத் தெரிந்தார்கள்.

லோகேஷ் ஏழாம் வகுப்பில் இருந்தபோதுதான் பள்ளிகளை மூடினார்கள். எஸ்டேட் லயத்துப் பையன். தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அம்மா கொழுந்து பறிப்பவர், அப்பா கேரட் மூட்டை ஏற்றுபவர். பையனுக்கு நல்ல குரல் என்று சொன்னால் போதாது. எங்கள் காலைப் பிரார்த்தனைப் பாட்டில் இரண்டாவது வரி முடியும் இடத்தில் ஒரு சின்னக் குழைவு போடுவான். நான் சொல்லிக்கொடுத்ததல்ல. அவனாகவே கண்டுபிடித்தது. முதலில் திருத்தினேன், பிறகு ரசித்தேன், கடைசியில் நானே பாடும்போது அது என் வாயிலும் வர ஆரம்பித்தது.

பூட்டிய பள்ளியில் பாட்டு வகுப்பு எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் சேர்ந்து பாட முடியாது. நான் 'ஸ' என்றால் அது ஒருவன் வீட்டுக்கு உடனே போகும், இன்னொருவன் வீட்டுக்கு அவன் தேயிலைச் சரிவில் எந்தப் பாறைமேல் ஏறி நிற்கிறான் என்பதைப் பொறுத்துப் போகும். முதல் நாள் எல்லோரையும் பாடச் சொன்னேன். சந்தைக்கடை இரைச்சல் தேவலை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"எல்லாரும் மியூட் பண்ணிக்கங்க. நான் பாடறேன். நீங்க உங்க ஊட்டுல இருந்தே கூடப் பாடுங்க" என்றேன்.

அதோடு எனக்கு நிம்மதி. நான் பாடுவேன். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் வாயை அசைக்கும். சில கட்டங்களில் முகமும் இருக்காது, ஓட்டுக்கூரைதான் தெரியும். மாதக்கணக்கில் நான் என் குரலை மட்டுமே கேட்டுப் பாட்டு நடத்தினேன். காதால் பிழைத்தவன், காதைக் கழற்றி வைத்துவிட்டுச் சம்பளம் வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது அது உறைக்கவில்லை. கணக்கு சாரும் அறிவியல் டீச்சரும் திணறுகிறார்கள், நான் எவ்வளவு நேர்த்தியாக வகுப்பு நடத்துகிறேன் என்றுதான் நினைத்தேன். இந்த 'சமாளிச்ச' பெயர் அங்கே தொடங்கியதுதான்.

இரண்டாம் அலை ஓய்ந்தபின் பள்ளி திறந்தது. எங்கள் தலைமையாசிரியை எஸ்தர் மேடத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவரை நீங்கள் தப்பாக நினைப்பீர்கள். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். இன்னும் கோபம் வந்தால் அதை மடக்கி வைப்பார். மடக்கி வைத்துவிட்டால் ஆள் காலி. ஆசிரியர்களை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவார், பியூன்வரைக்கும் அதே மரியாதை. இரண்டாம் அலையில் தன் அக்காவைப் பறிகொடுத்திருந்தார். ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை.

திறப்பதற்கு முன் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்.

"ஏனுங்க, ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்க. பூட்டுன ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புள்ளைக திரும்பி வர்றதில்ல. பசங்க லோடு வேலைக்குப் போயிட்டாங்க, பொண்ணுகளுக்குக் கல்யாணமே பண்ணிட்டாங்க. இன்னொருக்கா பூட்டுனா பாதிப் பேரை நாம மறந்துற வேண்டியதுதான். அதனால நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு கேஸ் வரக்கூடாது. எனக்குப் பாவம் புண்ணியமெல்லாம் அப்புறந்தான்."

அவர் சொன்னது முழு உண்மை. எங்கள் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது.

பாடக்கூடாது என்பது விதி. பாடினால் மூச்சோடு கிருமி தூரம் போகும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. காலையில் மைதானக் கூட்டம் கிடையாது. அந்தந்த வகுப்பு அதனதன் வராந்தாவில் சுண்ணாம்பு வட்டங்களுக்குள் நிற்க வேண்டும். பழைய மாணவர்களை வைத்து முன்பு நான் பதிவு செய்திருந்த பிரார்த்தனைப் பாட்டு ஒலிபெருக்கியில் ஓடும். பிள்ளைகள் முகக்கவசத்தோடு கைகூப்பி வாய்மூடி நிற்க வேண்டும். பாட்டு பீரியடுகளைக் கணக்கும் ஆங்கிலமும் பங்கு போட்டுக்கொண்டன. என்னை வாசலில் நிற்க வைத்து, வருகிறவர்கள் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைப் பிடிக்கச் சொன்னார்கள். ஹார்மோனியம் வாசித்த கை.

ஆனால் இரண்டே நாளில் ஒரு சிக்கல். பாட்டு ஓடும்போது எங்கிருந்தோ முணுமுணுப்பு எழுந்தது. வருடக்கணக்கில் காலையில் பாடிப் பழகிய பிள்ளைகள், சத்தம் கேட்டால் தொண்டை தானாகப் பாட ஆரம்பித்துவிடும். முகக்கவசம் இருப்பதால் யார் என்று தெரியவில்லை. மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், உங்க காது இருக்கறப்ப நமக்கென்ன கவலை? பாட்டு ஓடறப்ப வராந்தாவுல ஒரு நடை நடங்க. யாருன்னு எனக்குச் சொல்லுங்க. ரெண்டு பேரைப் புடிச்சா மிச்சப் பேரு அடங்கிருவாங்க."

இதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? பிள்ளைகளைப் பாட வைக்கச் சம்பளம் வாங்குகிறவனைப் பாடுகிறவர்களைப் பிடிக்கச் சொல்கிறார்களே என்று வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு என் காது ஒருவருக்குத் தேவைப்பட்டது. எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் மேடம் அதைச் சொன்னார் என்பது இன்னும் இனித்தது. இதை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிடலாமா என்றிருக்கிறது.

மறுநாள் காலை நல்ல மூடுபனி. வராந்தாவில் ஐந்தடிக்கு அப்பால் உருவங்கள்தான், முகமில்லை. எங்கள் கட்டடம் ஒரு மூலையில் திரும்பும். மூலைக்கு இந்தப் பக்கம் ஒன்பதாம் வகுப்பு, அந்தப் பக்கம் ஆறாம் வகுப்பு. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். சத்தம் வரக்கூடாதல்லவா. இரண்டாவது வரி முடிகிற இடம் வந்தது. மூலையிலிருந்து அந்தக் குழைவு எழுந்தது. மெல்லிசாக, மூக்கால் முனகுவதுபோலத்தான், ஆனால் சுத்தமான சுருதியில்.

லோகேஷ். எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தக் குழைவைப் போட அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு ஆள் கிடையாது. ஒன்பதாம் வகுப்பு வரிசையைப் பார்த்தேன். மூலையோரத்துக் கடைசி வட்டத்தில் உயரமாக ஒருவன் நின்றான். கண்ணைப் பார்த்ததும் அவன்தான் என்று தெரிந்தது. பாட்டு முடிந்ததும் மைக் பக்கத்தில் நின்ற மேடத்திடம் போய்ச் சொன்னேன். மெதுவாகச் சொன்னால் போதும். நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஒன்பதாம் வகுப்பு லோகேஷ் மேடம்."

வராந்தா முழுக்க ஒரு 'அட' எழுந்தது. பாம்புச் செவி திரும்ப வந்துவிட்டது என்று பிள்ளைகள் வியந்தார்கள். கரும்பலகையைப் பார்த்து நின்று பெயர் சொல்லும் பழைய விளையாட்டை நான் ஜெயித்துவிட்டேன். அந்த வியப்பில் நான் ஒரு நிமிஷம் நிமிர்ந்து நின்றது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

மேடம் அறைக்கு அவனை அழைத்துப் போனோம். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீதான் பாடுனயா தம்பி?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"நாந்தாங்க மேடம்."

அது பெரிய ஆம்பிளைக் குரல். பாதியில் கரகரத்து, பாதியில் கீச்சிட்டு, மறுபடி கீழே விழுந்தது. குரல் உடைந்திருந்தது. வராந்தாவில் நான் கேட்டதைப் பாட அந்தத் தொண்டையால் முடியவே முடியாது.

இதற்கு என்னிடம் ஒரு வழக்கம் இருந்தது. பையன்களுக்கு ஏழு, எட்டாம் வகுப்பில் குரல் உடையும். ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறை முடிந்து வந்ததும் ஒவ்வொருவனையும் தனியே கூப்பிட்டு 'ஸ ப ஸ' பாடச் சொல்லுவேன். உடைய ஆரம்பித்தவனைக் கோஷ்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துத் தாளம் போடச் சொல்லுவேன். பயந்துபோயிருப்பான். சிலர் அழுதும் இருக்கிறார்கள். "குரல் போகலடா, மாறுது. வளர்ற புள்ளைக்குப் புதுச்சட்டை தைக்கறாங்க, தைச்சு வர்ற வரைக்கும் பொறு" என்பேன். கட்டாயப்படுத்திப் பாடினால்தான் கெடும். பொறுத்தால் வேறொரு கட்டையில், கொஞ்சம் இறங்கிய சுருதியில், புதுக்குரல் வந்து உட்காரும். இத்தனை வருட வேலையில் உருப்படியாக நான் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. பள்ளி மூடியிருந்த காலத்தில் எங்கள் பையன்களுக்கு வரிசையாகக் குரல் உடைந்திருக்கிறது. ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. என் காதில் இருந்ததெல்லாம் அவர்களுடைய ஏழாம் வகுப்புக் குரல்கள். அந்தப் பழைய குரலை வைத்து ஆளைப் பிடித்திருக்கிறேன்.

மேடத்துக்குப் பாட்டு தெரியாது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சார், இவந்தானுங்களே?"

பையன் மறுபடியும் என்னைப் பார்த்தான். இல்லைங்க மேடம், நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வெளியே வராந்தாவில் பிள்ளைகள் இன்னும் 'பாம்புச் செவி' என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் கணக்கு சார் உட்கார்ந்திருந்தார்.

"ஆமாங்க மேடம்" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தான் மட்டும் கெட்டது.

"ரெண்டு வாரம் ஊட்டுல இருக்கட்டும். அப்பாவைக் கூட்டிட்டு வந்து சேரட்டும்" என்றார் மேடம். அவன் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனான். அவன் ஏன் ஒப்புக்கொண்டான் என்று எனக்குப் புரியவில்லை. புரியாததைக் கேட்கவும் பயமாக இருந்தது.

அதன்பிறகு வராந்தாவில் முணுமுணுப்பே இல்லை. மேடம் எனக்கு நன்றி சொன்னார். நான் காய்ச்சல் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு தினமும் வாசலில் நின்றேன். இரண்டு வாரம் கழிந்தது. ஒவ்வொரு காலையும் அந்த உயரமான பையன் வருகிறானா என்று வளைவுப் பாதையைப் பார்ப்பேன். வரவில்லை. இன்னொரு வாரமும் போனது.

ஒருநாள் ஆங்கில டீச்சர் விடுப்பு. ஆறாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆரம்பப் பள்ளியிலிருந்து அந்த வருடம்தான் வந்து சேர்ந்த பிள்ளைகள், ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஏதோ எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலோரத்தில் ஒரு சின்னப் பெண் தலைகுனிந்து எழுதிக்கொண்டே, தன்னை மறந்து மூக்கால் முனகினாள். அதே இரண்டாவது வரி. அதே குழைவு.

பக்கத்தில் போய் நின்றதும் பயந்து பேனாவைக் கீழே போட்டுவிட்டாள்.

"பேரென்ன பாப்பா?"

"தாரணிங்க சார்."

"இந்தப் பாட்டு யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்கண்ணன் சார்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "லோகேஷ்" என்றாள். "அண்ணனுக்கு இப்பப் பாட வராதுங்க சார். அதனால என்னப் பாடச் சொல்லிக் கேக்கும்."

"அண்ணன் ஏன் பள்ளிக்கூடம் வர்றதில்ல?"

"அப்பாகூட கேரட் லோடுக்குப் போவுதுங்க சார். இனி வராதுன்னு அம்மா சொல்லுச்சு." பிறகு கண்ணில் நீர் முட்ட, மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு நாந்தாங்க சார் பாடுனேன். அண்ணன் யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு."

அடுத்த பீரியடு வரை நான் காத்திருக்கவில்லை. மேடம் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். யார் பாடியது, நான் என்ன கேட்டேன், எந்த இடத்தில் எனக்குத் தவறு என்று தெரிந்தது, தெரிந்த பிறகும் ஏன் ஆமாம் என்றேன் என்பதுவரை. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். மடக்கவில்லை. துணியால் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறாங்கிளாஸ் புள்ளைங்களா?"

"ஆமாங்க."

"அந்த வயசுப் புள்ளைய நான் ஊட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேனுங்க சார். மாஸ்க்கை மூக்குக்கு மேல இழுத்து உடு, வாயைத் தொறக்காதன்னு சொல்லி கிளாசுக்குப் போகச் சொல்லியிருப்பேன். அவ்வளவுதானுங்களே விசயம்."

மேடம் துணியைக் கீழே வைத்தார்.

"பள்ளிக்கூடத்தைப் பூட்டக்கூடாதுன்னுதான் இத்தனையும் பண்ணுனேன். எதுக்குப் பூட்டக்கூடாதுன்னேன்? இவன் மாதிரிப் பசங்க போயிறக் கூடாதுன்னு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "போயிக் கூட்டிட்டு வாங்க சார். நானும் வர்றேன்னு சொல்லுங்க."

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை. மேடமும் பின்னால் இரண்டு முறை லயத்துக்கே போய்ப் பார்த்தார். நடக்கவில்லை. ஆனால் நான் மட்டும் தனியாகப் போன அந்த முதல் நாளைச் சொன்னால்தான் இந்தக் கட்டுரை முடியும்.

கேரட் கழுவும் இடம் ஓடைக்கரையில் இருந்தது. பெரிய இரும்பு உருளை டீசல் இயந்திரத்தில் சுற்றும். சேற்றுக் கேரட்டை ஒருபக்கம் கொட்டினால் மறுபக்கம் செக்கச்செவேலென்று விழும். அதைச் சாக்கில் அள்ளித் தைத்து லாரியில் ஏற்றுவார்கள். லோகேஷின் அப்பா என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"பூட்டியிருந்தப்பவே இவன் இங்க பழகிட்டானுங்க சார். திரும்ப அனுப்பறதுக்கு அவங்கம்மா என்கூட எவ்வளவு சண்டை புடிச்சா தெரியுங்களா? சரின்னு அனுப்புனேன். பாட்டுப் பாடுனான்னு நீங்களே ஊட்டுக்கு அனுப்பிட்டீங்க. இப்ப நான் போன்னாலும் போக மாட்டேங்கறானுங்க. நீங்களே பேசிப் பாருங்க" என்றார்.

லோகேஷ் முழங்கால்வரை ஈரமாக வந்து நின்றான். முகக்கவசம் இல்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் முழு முகத்தை அப்போதுதான் பார்த்தேன். மேலுதட்டில் பூனைமுடி அரும்பியிருந்தது.

"தாரணி சொல்லிட்டா" என்றேன்.

"அவளையும் ஊட்டுக்கு அனுப்பிரலீங்களே சார்?"

"இல்ல, மேடம் ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு நான் இல்லைன்னு நீ சொல்லியிருக்கலாமேடா. தங்கச்சிக்காகவா ஒத்துக்கிட்ட?"

"அதுவுந்தாங்க சார்." ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "நீங்க எம்பேரைச் சொன்னதும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. பாட்டு சாருக்கு இன்னும் எங்கொரல் கேக்குதேன்னு. அப்ப உள்ள எங்கயோ இருக்கும் போலன்னு நெனச்சேன்."

அவனே தொடர்ந்தான்.

"ஊட்ல எல்லாத்துக்கும் காய்ச்சல் வந்துச்சுங்க சார். அதுக்கப்புறந்தான் எனக்கு இப்படி ஆயிருச்சு. கொரோனாவுல கொரல் போயிருச்சுன்னு அம்மா சொல்லுச்சு. இனி வரவே வராதுங்களா?"

குரல் போகவில்லை, மாறியிருக்கிறது, எல்லாப் பையன்களுக்கும் வருவதுதான், காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, இன்னும் ஒரு வருடத்தில் வேறு கட்டையில் புதிதாக வந்து நிற்கும் என்று படபடவென்று சொன்னேன். எட்டாம் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய எல்லாவற்றையும் சேற்றில் நின்றுகொண்டு ஒரே மூச்சில் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"அப்படிங்களா" என்றான். பிறகு, குற்றம் சொல்கிற தொனி துளியும் இல்லாமல், ஏதோ எனக்கு ஞாபகப்படுத்துகிறவன்போலச் சொன்னான்: "நான் அப்பவே கேட்டேனுங்களே சார். வாட்ஸ்அப்புல பாடி அனுப்புனேன். கொரல் இப்படி ஆகுது சார், என்ன பண்றதுன்னு பேசியும் அனுப்புனேன். நீங்க பூ போட்டீங்க."

அந்த நாள்களில் பிள்ளைகள் வாரம் ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்திருந்தேன். வந்து குவியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரோஜாப்பூப் படத்தைப் பதிலாகப் போட்டுவிடுவேன். பூ விழுந்துவிட்டால் நான் கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். முதல் சில வாரம் நிஜமாகவே கேட்டேன். அப்புறம் பூ மட்டும்தான் போட்டேன். போனில் இடம் நிறைந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்தேன். ஊரே மெச்சிய என் காதுக்கு, அவன் குரல் உடைந்த சத்தம் வந்து சேர்ந்திருக்கிறது. நான் அதைத் திறக்கவே இல்லை.

"பூ போட்டதும், நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். ஆனா நல்லா இல்லைங்களே சார், எனக்கே தெரிஞ்சுதே" என்றான் லோகேஷ். "அதுக்கப்பறம் அனுப்பல."

லாரிக்காரர் கூப்பிட்டார். அவன் குனிந்து சாக்கின் இரண்டு காதுகளையும் பிடித்துத் தோளுக்கு ஏற்றினான். நான் அவன் பெயரைச் சொல்லி, மன்னிச்சுருப்பா என்றேன். டீசல் இயந்திரம் ஓடிய சத்தத்தில் அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. இரண்டாம் முறை உரக்கச் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆள்கள் இருந்தார்கள், சொல்லவில்லை.